மாட்டு ஊசியால் எண்ணெய் போட்ட ஹெரால்டு

எங்கள் வீட்டுக் காருக்கு முதல் விலை 2025 பிப்ரவரியில் வந்தது: 1,40,000 ரூபாய். பெங்களூரிலிருந்து வந்திருந்த பழைய கார் வியாபாரி ஒருவர் காட்பாடி காந்தி நகரில் எங்கள் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்ன தொகை அது. 1969-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவு. அப்பா 1974-ல் 11,500 ரூபாய் கொடுத்து இரண்டாவது கையாக வாங்கினார். அவர் கால்நடை மருத்துவர். அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இதை 'மாட்டு டாக்டர் வண்டி' என்றுதான் சொல்வார்கள். 2021 ஜனவரியில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வந்து கொட்டகையில் நிறுத்தினார். அந்த ஜூனில் இறந்துபோனார். அதற்குப் பிறகு கார் நகரவில்லை.

படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை அம்மா பெயருக்கு மாற்றியிருந்தோம். புதுப்பித்த பதிவு ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும்; 2026 ஜனவரியில் முடிகிறது. மறுபடி புதுப்பிக்க வேண்டுமென்றால் கார் ஓடி, பிரேக் பிடித்து, மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆக, கையில் பதினோரு மாதம் இருந்தது.

"அக்கா, நிற்க நிற்கத் துருதான் ஏறும், விலை ஏறாது. கொடுத்துவிடலாம்" என்றான் தம்பி. அவன் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நான் தணிக்கையாளர் ஒருவரிடம் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். அவன் பங்கு 70,000 என்று கணக்கிட்டு அவனுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அன்று மாலையே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் அந்த 70,000-ஐ எழுதினேன். இந்தப் பதிவில் வரும் தொகைகளெல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

வியாபாரி எதையெல்லாம் பார்த்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும். முதலில் அவர் எஞ்சின் பக்கம் போகவே இல்லை. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தேய்த்துத் துடைத்து ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. பிறகு கண்ணாடிகள், முன் கிரில், குரோமியப் பட்டைகள், கதவுக் கைப்பிடிகள், பெயர்ச் சின்னங்கள். "எஞ்சினைச் செய்துகொள்ளலாம் அம்மா, பின் கதவுக் கைப்பிடியைச் செய்ய முடியாது" என்றார். இந்தப் பேச்சுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வந்த கார். மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதைச் செய்யத் தொடங்கி, பின்னால் இந்தியாவுக்காக மட்டும் நான்கு கதவு வைத்துச் செய்தது. அதனால் சக்கரம், எஞ்சின் சார்ந்த பாகங்கள் இன்றும் இங்கிலாந்தில் புதிதாகக் கிடைக்கின்றன. ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களும் இதே முன்பக்க அமைப்பில் வந்தவை என்பதால், அங்கே அவற்றை வைத்திருப்பவர்களுக்காகச் செய்துகொண்டே இருக்கிறார்கள். பின் கதவோ அங்கே எந்த ஹெரால்டிலும் இல்லை. அந்த நிறுவனத்தின் வண்டலூர்த் தொழிற்சாலையும் எண்பதுகளின் இறுதியில் ஸ்டாண்டர்டு 2000 என்ற காருடன் ஓய்ந்துவிட்டது. நம் ஊரில் செய்த காருக்கு நம் ஊர்ப் பாகம் கிடைக்காது, கடல் கடந்த பாகம் கிடைக்கும். இது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

கடைசியாக இரண்டு குறை சொன்னார். முன் பானெட்டின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம்: 15,000 கழிவு. பின் இருக்கை ரெக்சினில் பழுப்பாய்ப் பரவிய கறை: 20,000 கழிவு. பள்ளம், ஒடுகத்தூரில் ஒரு காளை முட்டியது. கறை, அப்பாவின் பையில் புட்டி உடைந்து கொட்டிய டிங்சர் அயோடின். அன்று அந்த இருக்கையில் நானும் உட்கார்ந்திருந்தேன், எனக்கு எட்டு வயது. நோட்டில் இந்த இரண்டு தொகைகளையும் தனிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். ஏன் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

வேலையை எடுத்துக்கொண்டவர் அப்பா காலத்திலிருந்தே இந்தக் காருக்குப் பழகிய மெக்கானிக். பாய் என்றுதான் அப்பாவும் கூப்பிட்டார், நானும் கூப்பிடுகிறேன். எழுபதைத் தொடப்போகிறார், பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறேன் அம்மா. அவசரப்படுத்தக் கூடாது" என்றார். அப்படியே ஒப்புக்கொண்டேன்.

முதல் ஞாயிறு காரைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினோம். ஸ்டீயரிங் கல்லாக இருந்தது. காற்றில்லாத டயர்தான் காரணம் என்று நான் நினைத்தேன். காற்றடித்த பிறகும் இடப்பக்கம் திருப்பினால் பாதியில் நின்று, ஒரு முனகலோடு விடுபட்டது. பாய் என்னைப் பார்த்து, "கடைசியாக யார் கை வைத்தார்கள்?" என்று கேட்டார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது இந்தக் காரின் முன் சக்கரத்தைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். பழைய கார்கள் பலவற்றில் முன் சக்கரம் திரும்பும் இடத்தில் கிங் பின் என்ற ஊசித்தண்டு இருக்கும். கிரீஸ் அடித்தால் போதும். ஹெரால்டில் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். டிரனியன் என்பது அதன் பெயர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டைக்குள் திருகாணி போல ஏறி இறங்கும். ஒரு பக்கத்துக்கு வலது மரை, மறுபக்கத்துக்கு இடது மரை. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். வேலூர் லாங் பஜாரில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே அப்பா ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு வருவதைக் கடைக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். அவ்வளவு தூரம் சக்கரம் மடங்குகிறது என்றால், அவ்வளவு தூரம் அந்த மரை நகர்கிறது. அதற்குக் கிரீஸ் ஆகாது. கிரீஸ் மேல்மரை வரை போய்ச் சேராமல் கெட்டித்துவிடும். உள்ளே தண்ணீர் தங்கும். தண்டு துருப்பிடித்து, மரை முடியும் இடத்தில் ஒருநாள் முறியும். முறிவது பெரும்பாலும் மெதுவாக, முழுக்கத் திருப்பும்போதுதான். சக்கரம் அப்படியே மடிந்து காருக்கடியில் போய்விடும். அதற்குப் போட வேண்டியது தொண்ணூறு நம்பர் கியர் ஆயில்.

அப்பாவுக்கு இது தெரியும். கட்டையில் உள்ள சிறு மூடியைக் கழற்றிவிட்டு, மாட்டுக்கு ஊசி போடும் பெரிய எஃகு சிரிஞ்சில் கியர் ஆயிலை உறிஞ்சி, ஊசிக்குப் பதில் பற்றவைத்த பித்தளைக் குழாய் வழியாக ஏற்றுவார். மேலே எண்ணெய் கசியும் வரை அழுத்துவார். பொங்கலுக்கு மாடுகளுக்குக் கொம்பு சீவும் வாரத்தில் ஒருமுறை, ஆடிப்பெருக்கை ஒட்டி ஒருமுறை. 2021-ல் அவருக்குக் குனிய முடியவில்லை. பாயும் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். ஆய்வுக்குப் போவதற்கு முன் வேறொரு பட்டறையில் காரை விட்டோம். அவர்கள் அந்த மூடி இருந்த இடத்தில் நிப்பிள் வைத்துக் கிரீஸ் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதைக் கொண்டுபோய் விட்டவள் நான்தான்; பில்லில் 'கிரீஸிங் 350' என்று இருப்பதைப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.

ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை இறக்கி, கட்டையைத் திருகி எடுக்க அரை நாள் ஆயிற்று. உள்ளே கிரீஸ் வெல்லப்பாகு இறுகியது போல் பழுப்பாக இருந்தது. கீழ் மூன்று மரைகளில் மட்டுமே அது சேர்ந்திருந்தது. அதற்கு மேல் செந்தூளாகத் துரு. வலப்பக்கத் தண்டு தப்பித்திருந்தது. இடப்பக்கத்தை மண்ணெண்ணெயில் ஒருநாள் ஊறப்போட்டோம். மறுநாள் மாலை நானே எடுத்து, பழைய பருத்தி வேட்டித் துணியால் ஈரமே இல்லாமல் துடைத்து, பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டியைக் குழைத்துப் பூசிக் காயவைத்தேன். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு மரை முடிந்து தண்டு தொடங்கும் வளையத்தில், வெள்ளைப் பூச்சின் மேல் ஒரு மயிரிழை ஈரமாகக் கறுத்தது. நகக்கண் அளவில் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் வட்டம் ஓடி நின்றது. விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெயைச் சுண்ணாம்பு வெளியே இழுத்துக் காட்டுகிறது. தொலைபேசியில் பாயிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அய்யா ஓட்டிக்கொண்டு வந்தாரே அம்மா, அந்த வண்டியை" என்றார்.

இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆய்வு முடித்து வந்த அந்த ஜனவரி மாலை, வாசலில் முழுக்கத் திருப்பித்தான் அப்பா காரைக் கொட்டகைக்குள் விட்டார்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு லேத் பட்டறைக்கு இரண்டு தண்டுகளையும் கட்டைகளையும் கொண்டுபோனோம். கட்டையைக் கன்மெட்டல் என்ற வெண்கலத்தில் கடைந்து தர முடியும் என்றார் டர்னர். இடது மரை வெட்டுவது அவருக்குப் பெரிய வேலை இல்லை. விரிசலைப் பற்றவைக்கலாமா என்று கேட்டதற்கு மட்டும் கையை விரித்தார். "அடித்து உருவாக்கிய எஃகு இது. பற்றவைத்தால் பக்கத்தில் வெடிக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளை ஓட்டுவதாக இருந்தால் கேட்காதீர்கள்." இப்படி மறுத்துச் சொல்லும் தொழிலாளி கிடைப்பது அந்தப் பாகத்தைவிட அரிது. இங்கிலாந்திலிருந்து இரண்டு பக்கத்துக்கும் தண்டு, கட்டை, புஷ், சீல் என எல்லாவற்றையும் வரவழைத்தோம். சுங்கத்தோடு சேர்த்து 41,000. சில புஷ்களுக்குக் குழல் கடைந்ததற்கும், பழைய போல்டுகளைச் சரிசெய்ததற்கும் லேத்தில் 4,500.

பார்சல் வந்து சேர மே மாதம் ஆனது. அதுவரை எஞ்சின்.

ஹெரால்டில் பிடித்த விஷயங்களில் முதலாவது அதன் பானெட். இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை செய்யலாம். சின்ன வயதில் அந்த டயர் என் நாற்காலி. அப்பா ஸ்பானர் எண்ணைச் சொல்லச் சொல்ல எடுத்துக் கொடுப்பேன். இப்போது நான் உட்கார்ந்து திருகினேன், பாய் எண்ணைச் சொன்னார். 948 சி.சி., நான்கு சிலிண்டர். டெல்கோ (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியைத் திறந்தால் பிளாட்டினம் முனைகள் பச்சை பூத்திருந்தன. புதியது போட்டு 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தோம். எட்டு வால்வுகளுக்கும் டாப்பெட் இடைவெளி பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு), அதாவது கால் மில்லிமீட்டர். இதில் பாய் ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தார்: எந்த வால்வு முழுக்க அமுங்கி நிற்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழி, வருகிற எண்ணுள்ள வால்வைச் சரிசெய். ஒன்று அமுங்கினால் எட்டு, மூன்று அமுங்கினால் ஆறு. எந்தப் புத்தகமும் பார்க்காமல் எட்டையும் முடித்தேன். என் தொழிலில் நான் கற்ற எந்தக் கழித்தலும் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி கொடுத்ததில்லை.

இந்த எஞ்சினில் எல்லோரும் பார்க்க மறக்கும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால், கிராங்க் தண்டை நகராமல் தடுக்கும் அரைநிலா வடிவ வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அவை முழுக்கத் தேய்ந்து எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்தால் கிராங்க்கே பிளாக்கை அரைத்துவிடும். அப்புறம் எண்கள் பொருந்தும் எஞ்சின் என்ற பெருமை அதோடு போயிற்று. எங்களுடையது டயல் கேஜில் அரை மில்லிமீட்டர் ஆடியது. எஞ்சினை இறக்காமலே, அடித்தொட்டியைக் கழற்றி, பின் பேரிங் மூடியை எடுத்து வாஷர்களை மாற்றினோம். 2,200 ரூபாய்ச் செலவு. காரில் போட்ட பணத்தில் மிகப் பெரிய இழப்பைத் தடுத்தது இந்தச் சின்னத் தொகைதான்.

பெட்ரோல் டேங்க்கைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே மணல் கொட்டுவது போல் சத்தம். துருதான். சுத்தம் செய்து, உள்பூச்சு போட்டு, ரப்பர் ஹோஸ்களையெல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினோம். இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை ஊறவைத்துக் கொழகொழக்க வைத்துவிடும். காற்றிலிருந்து ஈரத்தையும் அது உறிஞ்சும் என்பதால், நிறுத்தி வைக்கும் கார்களுக்கு டேங்க் மறுபடி துருப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. எண்ணெய் விளக்கு போல மாதம் ஒருமுறையாவது எரித்துத் தீர்த்து, புதிதாக ஊற்ற வேண்டும். பிரேக், நான்கும் டிரம்தான். வீல் சிலிண்டர்களுக்கு உள்குழல் இட்டு, மாஸ்டர் சிலிண்டர் கிட் மாற்றி, 17,300. ஏப்ரல் 20, ஞாயிறு காலை, சோக்கை இழுத்து மூன்றாவது முறை திருகியபோது எஞ்சின் பிடித்தது. அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அணைக்கும் வரை நின்றிருந்தார்.

டிங்கரிங்தான் அதிகம் இழுத்தது: 48,000. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. உடல் அதன் மேல் போல்ட்டில் உட்கார்கிறது. பக்கவாட்டில் நீளும் கைகள் இரண்டு அப்பளமாக நொறுங்கின. புதிதாக மடித்துப் பற்றவைத்தோம். தரைத்தகட்டில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தையும் வெட்டி மாற்றினோம். அந்த வேலை முடிந்த அன்று டிங்கர் பானெட்டின் பள்ளத்தைத் தட்டிக் காட்டி, "இதையும் எடுத்து, பட்டி வைத்து, முன்பக்கம் முழுக்கப் பெயின்ட் அடித்துவிடுகிறேன். 8,000 கொடுங்கள் போதும்" என்றார். வேண்டாம் என்றேன். வியாபாரி 15,000 கழித்திருக்கிறார், 8,000-ல் அது திரும்பிவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் காளைக்கு அப்பா கொம்புப் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார். அது அவரை முட்டவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் காரை முட்டியது. "எனக்கு விழ வேண்டியதை இது வாங்கிக்கொண்டது" என்று கழுவும்போதெல்லாம் அந்த இடத்தைத் தடவுவார்.

இருக்கைக்கும் இதே கதைதான். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பேரணாம்பட்டும் சுற்றிலும் தோல் பதனிட, நம் ஊரில் காருக்குத் தோல் இருக்கை தைப்பது மற்ற ஊர்களைவிட எளிது. 18,000-க்கு நல்ல மாட்டுத்தோல் மாதிரிகளைக் கொண்டுவந்து விரித்தார் தையல்காரர். கை வைத்துப் பார்த்தேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் காருக்கு எப்போதும் ரெக்சின்தான். கிழிந்த விளிம்பை மட்டும் தைக்கச் சொன்னேன். அயோடின் கறை இருக்கிறது.

மே கடைசியில் பார்சல் வந்தது. புதிய கட்டையைத் தண்டில் கையால் திருகும்போது, முழுக்க ஏற்றி அரைச் சுற்று பின்னால் விட வேண்டும். இல்லையென்றால் முழுக்கத் திருப்பும்போது அடியில் இடிக்கும். எல்லாம் பூட்டியான பின் பாய் கிரீஸ் கன் மாதிரி ஒன்றை எடுத்தார், எண்ணெய் அடிக்க. நான் உள்ளே போய், அப்பாவின் மருந்துப் பெட்டியிலிருந்து சிரிஞ்சைக் கொண்டுவந்தேன். பிஸ்டன் வாஷர் காய்ந்திருந்தது. வெந்நீரில் போட்டு, எண்ணெய் தடவி இழுத்ததும் இறங்கியது. பக்கவாட்டில் பொறித்திருந்த அளவுக் கோடுகள் அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் மட்டும் அழிந்திருக்கின்றன. கியர் ஆயிலின் கந்தக நெடி மூக்கில் ஏறியது. மூடித் துளையில் பித்தளைக் குழாயை வைத்து அழுத்தினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பாய் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். நான்காவது சிரிஞ்சில் மேல் சீல் ஓரமாக ஒரு துளி, தேன் நிறத்தில், திரண்டு நின்றது. "போதும்" என்றார் பாய். அப்பாவும் அந்த இடத்தில் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்.

முதல் ஓட்டம் ஜூன் முதல் வாரத்தில். அக்னி நட்சத்திரம் முடிந்தும் வேலூர் வெயில் முடியவில்லை. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் இருமி நின்றது. பெட்ரோல் பம்ப்பில் சூடேறி, பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பாய் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து பம்ப்பின் மேல் சுற்றினார். பத்து நிமிடத்தில் கிளம்பியது. முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்சக்கரங்களின் வேகத்தைப் பொருத்தும் அமைப்பு) கிடையாது என்பதால் கார் முழுக்க நின்ற பிறகுதான் அதைப் போட வேண்டும். எனக்கு அது பழக ஒரு வாரம் ஆயிற்று. டயர்களைத் தம்பி அனுப்பினான், நான்கு, 13 அங்குலம். பில் அனுப்பவில்லை, கேட்டதற்கு, "உன் நோட்டில் எழுதாதே அக்கா" என்றான். ஆகவே எழுதவில்லை.

பதிவு விஷயத்தில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். பழைய எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது அந்தத் தகுதிக்கு மதிப்பு உண்டு என்று வியாபாரி சொன்னார். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. அப்படிப் பதிந்தால் ஒடுகத்தூருக்கு எங்களால் போக முடியாது. சாதாரணப் புதுப்பித்தலுக்கே விண்ணப்பித்தோம். டிசம்பரில் ஆய்வு முடிந்தது. ஆய்வாளர் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, பானெட்டைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

இனி கணக்கு. தம்பிக்குக் கொடுத்த பங்கும் டயரும் நீங்கலாக மொத்தச் செலவு 1,79,700. டிசம்பரில் அதே வியாபாரி வந்து ஓட்டிப் பார்த்து 2,75,000 சொன்னார். ஆக, விலை ஏறியது 1,35,000; போட்டது அதைவிட 44,700 அதிகம். பள்ளத்தையும் இருக்கையையும் சரிசெய்திருந்தால் 35,000 கூடுதலாகக் கிடைத்திருக்கும், அதற்கு 26,000 செலவாகியிருக்கும், விட்டது 9,000. சேர்த்து 53,700. விற்று வங்கியில் போட்டால் ஏழு சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு 19,250 வரும். அதையும் வேண்டாம் என்கிறேன். இந்தப் பொருளுக்கு விலையே இல்லை என்று பழைய கார்க்காரர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. விலை இருக்கிறது. எதை வாங்க மறுத்தோமோ, எதைச் சரிசெய்ய மறுத்தோமோ, அந்த வரிகளைக் கூட்டினால் வருகிற தொகை அது. முதல் நாள் அந்தத் தனிப் பக்கத்தை ஏன் திறந்தேன் என்பது டிசம்பரில்தான் எனக்குப் புரிந்தது. என் பக்கத்தில் 53,700 இருக்கிறது, ஆண்டுதோறும் 19,250 ஏறும். எனக்குக் கட்டுப்படியாகிற தொகைதான். கட்டுப்படியாகாத நாள் வந்தால் விற்பேன். விற்றால் சிரிஞ்சையும் சேர்த்துக் கொடுப்பேன், அது இல்லாமல் இந்தக் காரை ஓட்டக் கூடாது.

ஜனவரியில், மாட்டுப் பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, அம்மாவையும் பாயையும் ஏற்றிக்கொண்டு பாலாற்றுப் பாலம் தாண்டி, பாகாயம் வழியாக அணைக்கட்டு, அங்கிருந்து ஒடுகத்தூர். முன்னால் உட்காரச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை, எப்போதும் போல் பின்னால் இடப்பக்கம், அயோடின் கறையின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். முன்னிருக்கை அப்பாவின் மருந்துப் பைக்கு என்று நாற்பத்தேழு ஆண்டுப் பழக்கம். பாயும் பின்னால் ஏறினார். திரும்பும்போது சந்தையில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் இரண்டு கிலோ வாங்கி அந்த முன்னிருக்கையில் வைத்தோம்.

மறுநாள் காலை கொட்டகைத் தரையில் இடது முன்சக்கரத்துக்கு நேர்க்கீழே ஐந்து ரூபாய்க் காசளவு எண்ணெய்ச் சொட்டு. கொஞ்சம் கசிவது நல்லதுதான், உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று தெரியும் என்கிறார் பாய். ஆனாலும் வலப்பக்கம் கசியவில்லை. அட்டையை விரித்து வைத்திருக்கிறேன். ஞாயிறு ஜாக்கி போட்டு இரண்டு சீலையும் பார்க்க வேண்டும்.